தொபியாஸை நிறுத்திய விதம்

தொபியாஸ் செத்து மூன்று வருடமாகியிருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த இந்தச் செய்தியை அவரிடம் மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சொல்லக்கூடாது என்று முதலில் தீர்மானித்தவள் அவர் மனைவி சலேத்து. தொபியாஸ் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு நாள் மதியம் கிரேன் கூண்டுக்குள்ளேயே மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் சாய்ந்துவிட்டார். மூச்சு அடங்குவதற்குள் தலையில் ஒரு வலைத்தொப்பியை மாட்டி, உள்ளே இருக்கும் நினைப்பு, குணம், கோபம், கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் படியெடுத்து ஓர் இயந்திரத்தில் ஓடவிடும் வித்தை அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தது. டாக்டர் கையை விரித்ததும் சலேத்து கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். உடம்பைக் கல்லறையில் வைத்துவிட்டு, ஏழாம் நாள் பூசையையும் முடித்துவிட்டு வந்தால், இப்படிப் படியெடுத்தவர்களை ஓடவிடும் துறைமுகச் சாலைத் தொடர்வகத்தின் திரையில் தொபியாஸ் கண் விழித்து, "ஏட்டி, காப்பி இருக்கா?" என்று கேட்டார்.

அந்த இயந்திரங்களைக் கண்டுபிடித்த வெளிநாட்டுக்காரர்கள், உள்ளே கண் விழிப்பவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று ரொம்ப யோசித்து எழுதி அனுப்பியிருந்தார்கள். 'நீங்கள் இறந்துவிட்டீர்கள், பயப்பட வேண்டாம்' என்று ஆரம்பிக்கும் அது. நம்மவர்களிடம் நடக்கிற காரியமா? புற்றுநோய் என்றாலே அதை வயிற்றுப்புண் ஆக்கி நோயாளிக்குச் சொல்கிற ஜனங்கள். அந்தக் காகிதம் முதல் வாரமே அலமாரிக்குள் போய்விட்டது. தொடர்வகத்தில் ஓடிக்கொண்டிருந்த இறந்தவர்கள் எல்லோரும் மதுரையிலோ சென்னையிலோ பெரிய ஆஸ்பத்திரியில் தேறி வந்துகொண்டிருந்தார்கள்.

தொபியாஸும் அப்படித்தான். மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவு, கழுத்துக்குக் கீழே இன்னும் உணர்ச்சி வரவில்லை, உள்ளே ஆளை விடமாட்டார்கள், அதனால் வீடியோவில் பேச்சு. சலேத்து வாரம் ஒரு முறை வருவாள். வராத நேரங்களில் இயந்திரம் அவரை மிக மெதுவாக ஓட்டும், அவருக்கு அது தூக்கம். அவர் கணக்குப்படி ஆஸ்பத்திரிக்கு வந்து நாலைந்து மாதம்தான் இருக்கும். சலேத்து தொடர்வகத்தின் கழிப்பறையில் நின்று தாலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய் உட்காருவாள். பேசி முடித்ததும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். செத்த புருஷனைப் பார்க்கத் தாலி கட்டிக்கொண்டு போகிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்த நாட்கள் உண்டு. அழுகை வந்த நாட்களும் உண்டு.

மூன்றாவது வருடம் முடிகிற சமயத்தில் இயந்திரத்துக்கு நோய் வந்தது.

தொடர்வகத்தின் பொறுப்பாளன் இசக்கிராஜா, பாளையங்கோட்டைப் பையன், சாது. அவன் குடும்பத்தை வரச்சொல்லி ஆள் அனுப்பினான். சலேத்து போனாள். கூடவே அவள் அண்ணன் சூசையும் போனார். மகள் அன்சி தோகாவில் நர்ஸ் வேலையில் இருந்ததால் செல்போனில் வந்தாள். போனை மேசை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு நாலு பேருமாகப் பேசினார்கள்.

இயந்திரத்துக்குள் தொபியாஸைப் பதிந்து வைத்திருக்கும் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்றான் இசக்கிராஜா. அந்த வகைக்கு உதிரி பாகம் வருவது நின்றுபோய்விட்டது. புது இயந்திரத்துக்கு மாற்றலாமென்றால், படியெடுக்கும்போதே பாதி உதிர்ந்துவிடும். அவர் ஒரே வார்த்தையை இரண்டு மூன்று தடவை சொல்வதை அம்மா கவனித்திருப்பீர்களே என்று கேட்டான். சலேத்து கவனித்திருந்தாள். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டதாகச் சொன்னவள், செத்தவருக்கு ஏது வயசு என்று உறைத்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

"இப்படியே விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் சூசை.

இசக்கிராஜா குரலைத் தாழ்த்தினான். "போன மாசம் ஒரு குடும்பம் மனசு வராம அப்படியே விட்டாக சார். ஒரு வாத்தியார். முதல்ல பேரெல்லாம் போச்சு. அப்புறம் பேச்சு போச்சு. பயம் மட்டும் போகல. அதுதான் கடைசி வரைக்கும் ஓடிச்சு."

அதற்குப் பிறகு விடலாமா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. எப்படி நிறுத்துவது என்பதுதான் மிச்சம். சலேத்துக்கு ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது. தொபியாஸ் பயப்படக்கூடாது. என்ன நடக்கிறது என்றே தெரியாமல், ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட வேண்டும். அதை அவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

நிறுத்துவதில் இத்தனை விதம் உண்டு என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ், உலகத்தில் பாதி இயந்திரங்களை ஓட்டும் பழைய மென்பொருள் சரக்கு, அதை நிறுத்துவதற்கென்றே தனி மரியாதைகள் இருக்கின்றன என்று இசக்கிராஜா விளக்கினான். உறங்க வைப்பது என்று ஒன்று உண்டு, ஆனால் உறங்குகிறவரை எழுதி வைக்கத் தட்டில் நல்ல இடம் வேண்டும், அது இல்லை. அணைத்து மறுபடி தொடங்குவது உண்டு, இந்த நிலைமையில் மறுபடி தொடங்காது. உள்ளே இருப்பதை மட்டும் நிறுத்திவிட்டு மின்சாரத்தை விட்டுவைப்பதும் உண்டு. ஆள் இருக்கமாட்டார், பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். காயல்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் அப்படி எரியும் விளக்கைப் பார்க்க இன்னமும் வந்துபோகிறாராம்.

"பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணுதாம்மா" என்றான். "ஒண்ணு, நேரம் குறிச்சு நிறுத்தறது. பத்து நிமிஷம், அரை மணி நேரம், எவ்வளவு வேணும்னாலும் குறிக்கலாம். உள்ள இருக்கறவருக்குச் சுவத்துல எழுதிப் போட்ட மாதிரி ஒரு அறிவிப்பு போகும், இத்தனை நிமிஷத்துல நிறுத்தப் போறோம்னு. நடுவுல நம்ம மனசு மாறினா ரத்து பண்ணிக்கலாம். இன்னொண்ணு, இப்பவேன்னு கட்டளை கொடுக்கறது. அதுல அறிவிப்பே இல்லாம அடக்கிரலாம். ஆனா ரத்து கிடையாது. கொடுத்தா கொடுத்ததுதான்."

"கொடுத்ததும் அணைஞ்சிருமா?"

"ஓடிக்கிட்டிருக்கற வேலைகளுக்கெல்லாம் முடிச்சுக்கோன்னு ஒரு சைகை போகும். கொஞ்ச நேரம் பாக்கும். அடங்காததை அதுவே வெட்டிரும்."

"அந்தச் சைகை அவுகளுக்குத் தெரியுமா?"

"அது மெஷினுக்குள்ள நடக்கற சமாச்சாரம்மா. அவருக்குத்தான் அறிவிப்பே போகாதே."

அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவனும் நம்பிக்கொண்டிருந்தான்.

இந்த விளக்கத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சூசைக்குப் பொறுமை போய்விட்டது. அவர் ஐஸ் பேக்டரியில் மோட்டார்களோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவர். "இவ்வளவு என்னத்துக்கு? ஒயரைப் பிடுங்குனா முடிஞ்சு போச்சுல்லா" என்றார்.

கோவிலுக்குள் ஒருவன் செருப்போடு நடந்து வந்ததுபோல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். போனில் அன்சி, மாமா பேசாம இருங்க என்றாள். இசக்கிராஜாவின் முகமே மாறிவிட்டது. அதை மட்டும் செய்யவே கூடாது, எங்கள் படிப்பில் முதல் பாடமே அதுதான் என்றான். முறையாக இறக்கி வைக்க வேண்டும், படக்கென்று மின்சாரத்தைப் பிடுங்கினால் எழுதிக்கொண்டிருப்பது பாதியில் நின்று தட்டு கெட்டுப்போகும், எந்த மெஷினுக்கும் அப்படிச் செய்வது பாவம் என்றான். மறுநாளே குப்பைக்குப் போகப்போகிற தட்டு கெட்டால்தான் என்ன என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சூசைக்கும் தோன்றவில்லை. முரட்டுத்தனமாகப் பேசிவிட்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டார்.

நேரம் குறிப்பதா, இப்பவே என்பதா?

"அப்பாட்ட சொல்லாதீங்கம்மா" என்று அன்சி அழுதாள். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் அழுகிற பிள்ளையை எதைச் சொல்லித் தேற்றுவது? சலேத்துக்குத் தன் மாமியார் செத்த நாள் நினைவுக்கு வந்தது. சாமியாரைக் கூட்டிவந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூச வேண்டும் என்று உறவுக்காரர்கள் நச்சரித்தபோது, தொபியாஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். சாமியார் தலையைக் கண்டாலே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிடும், நினைவு தப்பினபிறகு வரச் சொல்லுங்கள் என்று சண்டை போட்டார். பெற்ற தாய்க்கே சொல்லாத மனுஷன். அவருக்கு மட்டும் யார் சொல்வது?

"இப்பவேன்னே போடுங்க தம்பி" என்றாள் சலேத்து.

வெள்ளிக்கிழமை காலையில் வைத்துக்கொண்டார்கள். சலேத்து குளித்துவிட்டு, அவருக்குப் பிடித்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கழிப்பறைக் கண்ணாடியின் முன்னால் தாலியைப் போட்டுக்கொண்டபோது கொக்கியை மூன்று தடவை கழற்றி மாட்டினாள். சூசை, தான் உள்ளே வரவில்லை என்று சொல்லிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார்.

தொடர்வகத்தில் இதற்கென்று ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. குடும்பத்தார் உள்ளே வந்து நாலு வார்த்தை பேசுவார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அவர்கள் போனதும் இசக்கிராஜா திரையையும் ஒலியையும் அணைப்பான். அதற்குப் பிறகுதான் கட்டளை. அதுதான் நாகரிகம் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம். பாடையைத் தூக்கும்போது பெண்களை உள்ளே போகச் சொல்கிற மாதிரி.

சலேத்து மட்டும் தான் இருக்கப்போவதாகச் சொன்னாள். திரையை அணைக்க வேண்டாம், நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் பின்னால் உட்கார்ந்து செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்றாள். கிரேனில் விழுந்த நேரத்தில்தான் பக்கத்தில் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை, இந்த முறையாவது இருக்கிறேன் என்றாள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கூடாது என்று விதியும் இல்லை. இசக்கிராஜா தலையாட்டினான். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டால் கட்டளையைக் கொடுக்கலாம் என்று பேசிவைத்துக்கொண்டார்கள்.

திரையில் தொபியாஸின் முகம் வந்தது. பழைய போட்டோக்களைக் கோத்துச் செய்த முகம்தான், ஆனாலும் இடது புருவத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பது அச்சு அசல் அவரேதான்.

"என்ன இன்னைக்குப் பெரிய கொண்டாட்டமா? இந்தச் சேலையைக் கட்டியிருக்க" என்றார்.

பீரோவில் முதலில் கைக்கு வந்தது இதுதான் என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டார். இட்லி என்றாள். அன்சி பேசினாளா என்று கேட்டார். நேற்றுத்தான் பேசினாள், லீவு கிடைத்ததும் வருவாள் என்றாள். எல்லாம் சரளமாக வந்தது. மூன்று வருடப் பழக்கம் ஆயிற்றே. வாய் பாட்டுக்குப் பொய் சொல்ல, கண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. போதும், இதோடு போதும் என்று மனசு சொல்லும்போதெல்லாம் இன்னும் ஒரு வார்த்தை, இன்னும் ஒரே ஒரு வார்த்தை என்று தள்ளிப்போட்டாள். பேச்சு கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் தென்னை மரத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த மரத்தின்மேல் தொபியாஸுக்குப் பல வருடத்துப் பகை. இனி ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார். இதுதான் சமயம் என்று சலேத்து முந்தானையை இழுத்துத் தோளில் போட்டாள்.

பின்னால் விசைப்பலகையில் ஒரு தட்டல் கேட்டது.

"...மட்டை ஒண்ணு விழுந்தா நம்ம ஓடு என்னத்துக்கு ஆவும்? நானும் எத்தனை தடவை அந்த ஆள்கிட்ட, அந்த ஆள்கிட்ட..." தொபியாஸ் நிறுத்தினார். புருவம் இறங்கியது.

"சலேத்து."

"சொல்லுங்க."

"யாரோ முடிச்சுக்கோன்னு சொல்லுதான்."

சலேத்து திரும்பி இசக்கிராஜாவைப் பார்த்தாள். அவன் வெளிறிப் போயிருந்தான்.

"நர்ஸம்மா பேசியிருப்பாக" என்றாள்.

"நர்ஸ் இல்ல. எனக்குள்ள இருந்து வருது. துறைமுகத்துல வேலை முடியுற சங்கு ஊதுனதும் சுமையைக் கீழ இறக்கி வைப்போம்லா, அந்த மாதிரி. கையில இருக்கறதையெல்லாம் வைங்குது."

இசக்கிராஜாவுக்குப் புரிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்குச் சைகை போகும் என்று அவன் எத்தனையோ குடும்பங்களிடம் சொல்லியிருந்தான். வேலைகள் என்றால் வேறு என்ன? அவற்றுக்கு வெளியே தொபியாஸ் என்று தனியாக ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வேலைகள்தான் தொபியாஸ். அறிவிப்பை அடக்கிவிட்டால் தெரியாமல் போய்விடும் என்று நினைத்திருந்தார்கள். இல்லாமல் போனது அவகாசம் மட்டும்தான். இதுவரை அவன் நிறுத்தியவர்கள் எல்லோரும் திரை அணைந்த இருட்டில், ஒலி அடைத்த அறையில், இதே சைகையைக் கேட்டுவிட்டு யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் குரலும் வெளியே வரவில்லை.

"நிறுத்துங்க தம்பி" என்றாள் சலேத்து.

"முடியாதும்மா. இப்பவேன்னு கொடுத்தாச்சு."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"மொத்தமே ஒன்றரை நிமிஷம். அதுல கொஞ்சம் போயிட்டுது."

"பக்கத்துல யாரு?" என்று கேட்டார் தொபியாஸ். அவள் வாய் பழைய தடத்திலேயே ஓடியது. டாக்டர்தான், ஊசி போட்டிருக்கிறார்கள், ஒரு மாதிரி மயக்கமாக வரும், பயப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"போதும் சலேத்து. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நான் செத்துட்டேன்னு தெரியும். முதல் வாரமே தெரியும். நீ தாலி போட்டுட்டு வந்த, பூ வைக்காம வந்த. புருஷன் ஆஸ்பத்திரியில தேறிட்டு வாரான்னா நீ பூ வைக்காம வருவியா? அப்புறம் உன் நெத்தி முடி மொத்தமும் வெளுத்துட்டுது. நாலு மாசத்துல எந்தப் பொம்பளைக்கும் அப்படி வெளுக்காது."

தெருவில் நாலு பேர் பேசுவார்களே என்று அவள் பூவை மட்டும் விட்டிருந்தாள். அதையா பார்த்துக்கொண்டிருந்தார் இந்த மனுஷன்? "ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்றாள்.

"நீ தாங்க மாட்ட. அதான் ஆஸ்பத்திரிக் கதையிலேயே இருந்துக்கிட்டேன்." அவர் குரலில் ஏதோ ஒன்று அறுந்து மறுபடி சேர்ந்தது. "செத்ததுக்குப் பயமில்லட்டி. இது என்னன்னுதான் தெரியல. ஒண்ணொண்ணாப் போவுது. ஒரு பத்து நிமிஷம் கொடுக்கச் சொல்லு. உங்கிட்ட பேச வேண்டியதெல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம்னு வச்சிருந்தேன்."

சலேத்து திரும்பிப் பார்த்தாள். இசக்கிராஜா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையை அசைத்தான். நேரம் குறித்திருந்தால் பத்து நிமிடம் அவர் கையில் இருந்திருக்கும். அரை மணி நேரம்கூடக் கொடுத்திருக்கலாம். வேண்டாம் என்று தீர்மானித்தவள் அவள்தான்.

தொபியாஸின் முகத்தில் முதலில் புருவம் அசைவதை நிறுத்தியது. பிறகு வாய்க்கும் பேச்சுக்கும் பொருத்தமில்லாமல் போயிற்று. கண் மட்டும் அவளையே பிடித்துக்கொண்டிருந்தது.

"நம்ம புள்ள பேரு என்ன?" என்று கேட்டார். "நர்ஸா இருக்காளே. தொண்டையில நிக்குது. இல்ல, நீ சொல்லாத. எனக்கே வரணும். அவ பேரு... அவ பேரு... அவ பேரு..."

சலேத்துக்கு அந்த வாத்தியார் கதை நினைவுக்கு வந்தது. பேரெல்லாம் போகும், பேச்சு போகும், பயம் மட்டும் கடைசி வரை ஓடும். அந்தக் கண்களில் இப்போது இருந்தது அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. இதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? யாரிடமும் கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள், இயந்திரத்தின் பின்பக்கம் போனாள், மண்டியிட்டாள், சுவரில் செருகியிருந்த தடித்த கறுப்பு ஒயரை இரண்டு கையாலும் பற்றினாள்.

"அம்மா" என்று எழுந்தான் இசக்கிராஜா.

"வந்துட்டுது சலேத்து" என்றது திரைப் பக்கமிருந்து குரல். தெளிவான குரல், கிரேன் கூண்டிலிருந்து கீழே நிற்பவனைக் கூப்பிடுகிற பழைய குரல். "அன்சி. அன்சிலின். ஏட்டி, எங்க போன? அவகிட்ட மறக்காம—"

கை அதற்குள் இழுத்துவிட்டிருந்தது.

இயந்திரத்தின் விசிறி மெல்ல ஓய்ந்தது. சலேத்து ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே இருந்தாள். மறுபடி செருகினால் வருமா என்று கேட்டாள். வராது என்றான் இசக்கிராஜா. இன்னும் அரை நிமிஷம் இருந்துச்சும்மா என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"வலிச்சிருக்குமா?"

"இதுல வலிக்காதும்மா. இதுல எந்தச் சைகையும் போய்ச் சேரவே சேராது. படக்குனு ஒண்ணுமில்லாமப் போயிரும்." அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "உங்க அண்ணன் அன்னைக்குச் சொன்னதுதான் சரி. பிடுங்கறது பாவம்னு எங்களுக்குப் படிச்சுக் கொடுத்தாக. தட்டுக்குப் பாவம்னுதான் படிச்சுக் கொடுத்தாக. நாங்க அதை ஆளுக்கும்னு எடுத்துக்கிட்டோம்."

அவன் குலுங்கி அழுதான். சலேத்துக்கு அழுகை வரவில்லை. அவர் தாங்க மாட்டார், தாங்க மாட்டார் என்று மூன்று வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அவர் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தாங்க முடியாமல் போனது அவளுக்குத்தான், கடைசி அரை நிமிடம்கூட முடியாமல் போயிற்று. அன்சியிடம் மறக்காமல் என்ன சொல்ல வேண்டும்? இனி எந்த ஜென்மத்தில் யாரிடம் கேட்பாள்?

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் சூசை எழுந்து நின்றார். அவருக்கு எதிர்ப் பெஞ்சில், முறைக்காகக் காத்திருந்த இன்னொரு குடும்பம். ஆறுமுகநேரி உப்பளத்துப் பக்கம் போலிருக்கிறது, வெயிலில் கறுத்த புருஷனும் மனைவியும். அந்த அம்மாள் மடியில் ஒரு பையனின் போட்டோவை வைத்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போகிற வயசுப் பையன், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சலேத்து வெளியே வந்ததைக் கண்டதும் அவள் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, கோவிச்சுக்கிடாதீய. உங்க வீட்டுக்காரவுகளுக்கு... கடைசியில தெரிஞ்சுதா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் சலேத்து வாயைத் திறந்தாள். பிள்ளையிடம் இன்றைக்கே உண்மையைச் சொல், பத்து நிமிஷம் கொடு, அது முடியாவிட்டால் ஒயரைப் பிடுங்கச் சொல், இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற 'இப்பவே' கட்டளையை மட்டும் கொடுக்கச் சொல்லாதே. எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. இசக்கிராஜாவும் அவளுக்குப் பின்னால் கதவருகில் வந்து நின்றிருந்தான். அவளே சொல்லிவிட்டால் நல்லது என்று காத்துக்கொண்டிருந்தான்.

சலேத்து அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தாள். இவள் தாங்க மாட்டாள் என்று பட்டது.

"இல்ல தங்கச்சி" என்றாள். "பேசிக்கிட்டே இருந்தாக. ஒண்ணும் தெரியல."

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள், அவரும் தலையாட்டினார். பிறகு சலேத்தின் தோளைத் தாண்டி இசக்கிராஜாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப எங்க புள்ளைக்கும் அதே மாதிரியே பண்ணிருங்க தம்பி."

இசக்கிராஜா சலேத்தைப் பார்த்தான். அவள் வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள்.